பட்டியலில் நின்ற பெயர்

தனிஸ்லாசுக்கு நாற்பத்து மூன்று வயது. வண்டியூர் தெப்பக்குளத்தின் கீழ்க்கரையை ஒட்டிய தெருவில் ஒரு மாடி வீட்டில் குடியிருக்கிறார். கீழ்த்தளம் தையல் மெஷின் சாமான்கள் வைக்கும் கிடங்கு. காலை பத்து மணிக்கு அதன் ஷட்டர் ஏறும், மாலை ஆறு மணிக்கு இறங்கும். இடையில் அந்தக் கட்டடத்துக்குள் மனிதக் குரல் என்று ஒன்று கேட்டால், பெரும்பாலும் அது அவருடைய கம்ப்யூட்டரிலிருந்து வருகிற குரலாகத்தான் இருக்கும்.

அப்பா ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் குமாஸ்தாவாக இருந்தவர். மகன் என்ன வேலை பார்க்கிறான் என்று கோவில் வாசலில் யாராவது கேட்டால், "கேஷ்ல இருக்கான்" என்பார். கேட்டவர்கள் பாங்கில் காசாளர் என்று நினைத்துக்கொண்டு, "நல்ல உத்தியோகம்" என்று போய்விடுவார்கள். அப்பா கடைசிவரை அதைத் திருத்தவில்லை. அவருக்கே அந்த வேலை என்னவென்று முழுதாக விளங்கியதில்லை.

வேலை இதுதான். ஒரு வெப்சைட்டில் ஆயிரம் பேர் ஒரே விவரத்தைக் கேட்கிறார்கள் என்றால், ஆயிரம் தடவையும் எல்லா விவரமும் கிடக்கிற டேட்டாபேசைத் தட்டி எழுப்பக் கூடாது. முதல் ஆளுக்காக எடுத்த பதிலில் ஒரு நகலைக் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்துக்கொண்டு, மற்றவர்களுக்கு அதையே நீட்ட வேண்டும். அந்த நகலுக்குத்தான் கேஷ் என்று பெயர். எதை நகல் எடுப்பது, எவ்வளவு நேரம் வைத்திருப்பது, எப்போது தூக்கி எறிவது என்பதைத் தீர்மானிப்பது தனிஸ்லாசின் தொழில். இப்போதெல்லாம் சர்வர்கள் சொந்த அறையில் இருப்பதில்லை; எங்கோ ஒரு கிளவுட் கம்பெனியின் கட்டடத்தில் வாடகைக்கு ஓடுகின்றன. கண்ணால் பார்க்காத அந்த எந்திரங்களைப் பதினெட்டு வருடமாக அவர் வேகமாக ஓடவைத்துக்கொண்டிருந்தார். அதில் அவருக்குப் பெருமையும் உண்டு.

கொரோனாவுக்குப் பிறகு மதுரையில் இருந்த ஆபீசை மூடிவிட்டார்கள். எல்லோருக்கும் வீட்டிலிருந்தே வேலை. முதலில் அது வசதியாக இருந்தது. மனைவி பெர்சிக்குக் கொடைக்கானலில் ஒரு விடுதிப் பள்ளியில் ஆசிரியை வேலை கிடைத்தபோது, "நீங்க எங்க இருந்தாலும் வேலை பார்க்கலாமே, வாங்களேன்" என்று அவள் கூப்பிட்டாள். அங்கே நெட் சரியாக இருக்காது என்று இவர் சொன்னார். அவள் மாதம் இரண்டு முறை இறங்கி வந்தாள், பிறகு ஒரு முறை, பிறகு கிறிஸ்துமசுக்கு. பிள்ளைகள் இல்லை. சண்டையும் போட்டுக்கொள்ளவில்லை. சண்டை நடந்திருந்தால் யாராவது சமாதானம் பேசவாவது வந்திருப்பார்கள்.

அவருடைய நாட்களில் சம்பளத்துக்கு இல்லாத வேலை ஒன்று இருந்தது. ரெங்கம்மாள் என்கிற ஓய்வுபெற்ற நர்ஸ், ரத்தம் கொடுக்கிறவர்களின் பெயர்களை நோட்டில் எழுதி வைத்து, கேட்டு வருகிறவர்களுக்கு எண் கொடுத்து வந்தார். தனிஸ்லாசின் அம்மா இன்னாசியம்மாள் கடைசியாக ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, அந்த நோட்டிலிருந்துதான் இரண்டு யூனிட் கிடைத்தது. அம்மா பிழைக்கவில்லை. ஆனாலும் அவர் ரெங்கம்மாளிடம் போய், இந்த நோட்டை வெப்சைட்டாக்கித் தருகிறேன் என்றார். செய்தும் கொடுத்தார். அதன் பிறகும் பெயர் சேர்ப்பதும் எடுப்பதும் ரெங்கம்மாளின் கையில்தான். எந்திரத்தைப் பார்த்துக்கொள்வது மட்டும் இவரிடம் இருந்தது.

இரண்டாயிரத்து இருபத்தொன்றில், கொரோனா இரண்டாம் அலை வீசிய கோடையில், ஒரே நேரத்தில் ஊரே அந்த வெப்சைட்டைத் திறந்தது. வாடகைக்கு எடுத்திருந்த சின்ன சர்வர் மூச்சுத் திணறியது. பக்கம் திறக்க நாற்பது நொடி ஆயிற்று. ரத்தத்துக்குத் தவிக்கிறவன் நாற்பது நொடி திரையைப் பார்த்துக்கொண்டு நிற்பதை அவரால் தாங்க முடியவில்லை. உட்கார்ந்து ஒரே மூச்சில் எல்லாவற்றுக்கும் கேஷ் எழுதினார். 'அவசரம்' என்று ஒரு பொத்தானும் வைத்தார். அதை அழுத்தி ஊரையும் ரத்த வகையையும் சொன்னால், அந்தப் பக்கத்தில் அதிகத் தடவை ரத்தம் கொடுத்த மூன்று பேரின் எண்கள் கண் இமைப்பதற்குள் வந்து நிற்கும். அதற்குப் பிறகு ஒரு நாளும் அந்த வெப்சைட் தடுமாறவில்லை. அவரும் அதைத் திறந்து பார்க்கவில்லை.

போன அக்டோபரில் ஒரு புதன்கிழமை காலை ரெங்கம்மாள் கூப்பிட்டார். யாரோ ஒருவர் போனில் அவரைத் திட்டித் தீர்த்திருக்கிறார். அவசரம் பொத்தானை அழுத்தினால் சோழவந்தான் பக்கத்துக்கு முதல் எண்ணாகப் பேச்சிமுத்து என்கிற பெயர் வருகிறதாம். கூப்பிட்டால், அவர் இறந்து ஒன்பது மாதம் ஆகிறது என்கிறார்களாம்.

"நான் மாசி மாசமே அவர் பேரை எடுத்துட்டேன் தம்பி" என்றார் ரெங்கம்மாள். "அவர் சம்சாரம் போன் போட்டுச் சொன்னுச்சு. அன்னைக்கே எடுத்தேன். இப்பவும் பாத்தேன், என் லிஸ்ட்ல இல்லை. பெறகு எப்படி வருது?"

கூப்பிட்டவருக்கு ரத்தம் கிடைத்ததா என்று தனிஸ்லாஸ் கேட்டார். கிடைத்துவிட்டது, அந்தச் சம்சாரமே வேறு ஒரு ஆளைச் சொல்லி அனுப்பியதாம் என்றார் ரெங்கம்மாள். அது ஏன், எப்படி என்று அவருக்கும் தெரியவில்லை.

தவறைக் கண்டுபிடிக்கப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. ஒரு பெயரை நீக்கினால் மற்ற நகல்களெல்லாம் அழிந்துவிடும்படி எழுதியிருந்தார். அவசரம் பொத்தானின் நகலை மட்டும் அந்த வரிசையில் சேர்க்க மறந்திருந்தார். அதன் ஆயுள் ஒரு நாள். ஆனால் யாராவது அதைப் பார்த்தால், பார்த்த நிமிடத்திலிருந்து மறுபடி ஒரு நாள் நீளும். அதிகம் தேடப்படுவது அதிக நேரம் கையருகில் இருக்கட்டும் என்று அவர்தான் அப்படி வைத்தார். ஆரம்பத்தில் இடையிடையே யாரும் தேடாத நாட்கள் வந்தன; நகல் தானாகச் செத்து, புதிது பிறந்தது. வெப்சைட் பிரபலமான பிறகு அப்படி ஒரு நாள் வரவேயில்லை. பேச்சிமுத்துவின் ரத்தம் ஓ நெகட்டிவ். தேனி ரோட்டு, திண்டுக்கல் ரோட்டு ஆஸ்பத்திரிகளில் தினம் யாரோ ஒருவருக்கு அது தேவைப்பட்டது. தேடத் தேட அந்தப் பெயருக்கு ஆயுள் கூடிக்கொண்டே போயிருக்கிறது.

ஒன்பது மாதத்தில் அந்தப் பெயர் ஆயிரத்து முந்நூற்றுச் சொச்சம் தடவை காட்டப்பட்டிருந்தது. அதில் எத்தனை பேர் கூப்பிட்டார்கள் என்று எந்திரத்துக்குத் தெரியாது. தனிஸ்லாஸ் அந்த நகலை அழித்தார். பிறகு சற்று யோசித்துவிட்டு, அவசரம் பொத்தானுக்குக் கேஷே வேண்டாம் என்று மொத்தமாக எடுத்துவிட்டார். இனி அந்தப் பக்கம் வர ஒன்றரை நொடி ஆகும். ஆகட்டும்.

வேலை அன்றோடு முடிந்தது. அவருக்கு முடியவில்லை. ஏதோ ஒரு வீட்டில் ஒரு பெண், ஒன்பது மாதமாக, என் புருஷன் செத்துவிட்டார் என்று முன்பின் தெரியாதவர்களிடம் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறாள். அவளை அப்படிச் சொல்ல வைத்தது, தான் எழுதிய ஒரு வரி. மன்னிப்புக் கேட்க அந்த எண்ணை இரண்டு முறை அழுத்தினார். அதுவும் இன்னொரு அழைப்பாகத்தானே போய் விழும் என்று தோன்றியது. மணி அடிக்கும் முன்பே வைத்துவிட்டார்.

அடுத்த வார சனிக்கிழமை பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினார். ஊருக்கு வெளியே வந்து எத்தனை மாதம் ஆயிற்று என்று சமயநல்லூர் தாண்டும்போது கணக்குப் போட்டுப் பார்த்தார், சரியாகத் தெரியவில்லை. சோழவந்தானில் இரண்டு இடத்தில் விசாரித்ததும் வீட்டைக் காட்டினார்கள். பேச்சிமுத்து வெற்றிலை ஏற்றுகிற வேன் ஓட்டியவர் என்றும், தை மாதம் நெஞ்சுவலி வந்து வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டு அதிலேயே சாய்ந்துவிட்டார் என்றும் கடைக்காரர் சொன்னார். வேனில் இருந்த ஒரு இலைகூட வாடாமல் மார்க்கெட் போய்ச் சேர்ந்தது என்பதையும் சேர்த்துச் சொன்னார்.

பேச்சிமுத்துவின் மனைவி செல்லக்கிளி முன்னறையில் ஈரச் சாக்கை விரித்து, வெற்றிலையை எண்ணி அடுக்கிக்கொண்டிருந்தார். நூறு இலை ஒரு கவுளி. ஐம்பதை ஒட்டிய வயது. நின்றபடியே தனிஸ்லாஸ் தான் யார் என்று சொன்னார். செல்லக்கிளி எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டு, தண்ணீர் கொடுத்துவிட்டு, மறுபடி இலைக்கு முன்னால் உட்கார்ந்தார்.

நகல், ஆயுள், மறதி எல்லாவற்றையும் தனிஸ்லாஸ் தெரிந்த தமிழில் சொல்லி முடித்தார். என் தவறுதான், மன்னித்துவிடுங்கள் என்றார்.

"அப்ப நீங்கதான் நிறுத்துனீகளா?" என்று செல்லக்கிளி கேட்டார்.

"ஆமாங்க்கா. போன வாரம்."

"பத்து நாளா ஒரு போனும் வரலை. செல்லுதான் கெட்டுப்போச்சோன்னு ரீசார்ஜ் கடையில கொண்டுபோய்க் காமிச்சேன். நல்லாத்தான் இருக்கு, யாரும் கூப்பிடலைன்னா நான் என்ன செய்யுறதுன்னு அந்தப் பையன் சிரிச்சான்."

செல்லக்கிளி இலையை எண்ணிக்கொண்டே, அவசரப்படாமல், நடந்ததைச் சொன்னார்.

முதல் மாதம் ஒவ்வொரு அழைப்புக்கும் அழுதாராம். அதனால்தான் ரெங்கம்மாளுக்குப் போன் போட்டுப் பெயரை எடுக்கச் சொன்னார். அழைப்பு நிற்கவில்லை. பங்குனியில் ஒருநாள் பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பெண்பிள்ளை கூப்பிட்டாள். அக்காவுக்குப் பிரசவம், ரத்தம் நிற்கவில்லை என்றாள். அவர் இறந்துவிட்டார் என்று செல்லக்கிளி சொன்னதும் அந்தப் பெண் பேசவும் இல்லை, போனை வைக்கவும் இல்லை. மூச்சு மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. அப்போது, இன்னொரு வேன் டிரைவரைப் பற்றி 'அவனும் எங் குரூப்புத்தான்' என்று புருஷன் எப்போதோ சொன்னது செல்லக்கிளிக்கு நினைவு வந்தது. அந்த டிரைவரைக் கூப்பிட்டுச் சொன்னார். அவரும் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார். மறுநாள் அந்தப் பெண் கூப்பிட்டு, அக்கா கண் விழித்துவிட்டாள் அத்தை என்றாள்.

அதற்குப் பிறகு செல்லக்கிளி புருஷனின் போனில் இருந்த பெயர்களை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டு, உங்களுக்கு என்ன குரூப்பு, தேவைப்பட்டால் வருவீர்களா என்று கேட்டு, ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்தார். ஏழு மாதத்தில் பதினோரு பேர் சேர்ந்திருந்தார்கள். பேச்சிமுத்துவைத் தேடிக் கூப்பிட்டவர்களுக்கு அந்தப் பதினோரு பேரில் ஒருவரைச் சொல்லி அனுப்பினார்.

"சில பேரு, அய்யோ அவரா, எங்கம்மாவுக்குக் கொடுத்த மனுசனாச்சேன்னு சொல்லுவாக" என்றார். "எனக்கே தெரியாத சங்கதியெல்லாம் சொல்லுவாக. இங்க தெருவுல யாரும் இப்ப அவர் பேச்சை எடுக்கிறதில்லை. மக திருப்பூர்ல இருக்கா. அவ அழுதிருவான்னு நான் எடுக்கமாட்டேன், நான் அழுவேன்னு அவ எடுக்கமாட்டா. போன்ல வர்றவுகதான், பேச்சிமுத்து அண்ணன் இருக்காரான்னு கேப்பாக. இருக்காரான்னு வேற யாரு தம்பி கேக்கப் போறா?"

அழைப்பு வேண்டுமானால் உங்கள் பெயரையே சோழவந்தான் தொடர்பு என்று போடலாமே என்றார் தனிஸ்லாஸ்.

"எம் பேரு எதுக்கு? அவரைக் கேட்டில்ல கூப்பிட்டாக." பிறகு அவரே, "நீங்க செஞ்சது சரிதான். அங்க உசுரு ஊசலாடிக்கிட்டு இருக்கும்போது, செத்தவருக்குப் போன் போட்டு நேரத்தை வீணாக்கலாமா?" என்றார். கையிலிருந்த இலைக்கு எண்ணிக்கை விட்டுப்போயிருந்தது. அடுக்கைக் கலைத்து ஒன்றிலிருந்து தொடங்கினார்.

கிளம்பும்போது அந்த நோட்டை எடுத்துக் கொடுத்தார். படம் எடுத்துக்கொண்டு திருப்பித் தருகிறேன் என்று தனிஸ்லாஸ் சொன்னதற்கு, "கொண்டுபோங்க. இனி எனக்கு எதுக்கு?" என்று சொல்லிவிட்டார்.

திரும்பும் வழியில் சமயநல்லூரில் ஒரு டீக்கடையில் வண்டியை நிறுத்தி, பெர்சியைக் கூப்பிட்டார். எடுத்ததும், "என்னாச்சு?" என்றாள் அவள். ஒன்றுமில்லை, சும்மாதான் என்றார். கொடைக்கானலில் நான்கு நாளாக மழை என்றாள். இங்கே வெயில் என்றார். விடைத்தாள் திருத்த வேண்டும் என்று அவள் சொல்லும்வரை பேசிக்கொண்டிருந்தார்கள். நான்கு நிமிடம் பன்னிரண்டு நொடி என்று திரை காட்டியது. செல்லக்கிளியைப் பற்றிச் சொல்லத்தான் கூப்பிட்டார். சொல்லவில்லை.

நோட்டிலிருந்த பதினோரு பேரையும் ரெங்கம்மாள் கூப்பிட்டுச் சம்மதம் கேட்டார். ஒன்பது பேர் சரி என்றார்கள். அவர்களை வெப்சைட்டில் சேர்த்தார்கள். புதன்கிழமைதோறும் மதுரைக்கு வந்து தன்னோடு போன் எடுக்க முடியுமா என்று செல்லக்கிளியையும் ரெங்கம்மாள் கேட்டார். அவர் இரண்டு புதன்கிழமை வந்தார். பஸ் கூட்டம், இலை வேலை கெடுகிறது என்று மூன்றாவது வாரம் நிறுத்திக்கொண்டார். ரெங்கம்மாளிடம் வருகிற அழைப்புகள் ரத்தத்தைத்தான் கேட்டன, யாரையும் பெயர் சொல்லிக் கேட்கவில்லை.

அந்த ஒன்பது பேரைச் சேர்த்தபோதுதான் தனிஸ்லாஸ் இன்னொன்றைக் கவனித்தார். கொடையாளர் பட்டியலிலிருந்து பெயரை நீக்கினாலும், அவர் ரத்தம் கொடுத்த தேதிகள் வேறு இடத்தில் அப்படியே இருந்தன. ரெங்கம்மாள் பழைய நோட்டிலிருந்து ஒன்றுவிடாமல் ஏற்றியிருந்தார். பேச்சிமுத்து முப்பத்து நான்கு முறை கொடுத்திருந்தார். தேதியும் ஊரும் மட்டும் இருந்தன. யாருக்கு என்ற விவரம் இல்லை. சம்சாரத்துக்குத்தானே, கொண்டுபோய்க் கொடு என்றார் ரெங்கம்மாள்.

இரண்டு தாளில் அச்செடுத்துக்கொண்டு நவம்பரில் மறுபடி போனார். கல்லறைத் திருநாள் முடிந்த அடுத்த ஞாயிறு. செல்லக்கிளி தாளை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். எழுத்துக் கூட்டிப் படிக்க நேரமாகும், நீங்களே படியுங்கள் என்றார்.

தனிஸ்லாஸ் தேதியையும் ஊரையும் ஒவ்வொன்றாக வாசித்தார். முதல் மூன்றுக்கும் இலையை எண்ணிக்கொண்டிருந்த செல்லக்கிளி, நான்காவதில் கையை நிறுத்தினார்.

"அன்னைக்கா? அன்னைக்குப் பேத்திக்குக் காதுகுத்து. கிடா வெட்டிச் சோறு போட்டு, எல்லாரும் சாப்பிட்டு முடிச்ச பெறகு வந்தாரு. வாடிப்பட்டிக்கிட்ட டயர் பஞ்சர்னு சொன்னாரு." கையிலிருந்த இலையைக் கீழே வைத்தார். "ரத்தம் கொடுத்துட்டு வந்து தலை சுத்தி விழுந்தாருன்னு ஒருதரம் நான் பெரிய சண்டை போட்டேன். இனி போனா வீட்டுக்கு வராதீகன்னு சொன்னேன். போறதில்லைன்னாரு. அவர் இருந்தவரைக்கும் நான் அதை நம்பிக்கிட்டே இருந்திருக்கேன்."

சண்டை எந்த வருடம் என்று தனிஸ்லாஸ் கேட்டார். அவர் சொன்ன வருடத்தை வைத்துத் தாளில் பார்த்தபோது, அதற்குப் பிறகு இருபத்தொன்பது முறை இருந்தது. அதைச் சொன்னார். செல்லக்கிளி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அழுகிறார் என்று நினைத்துத் தனிஸ்லாஸ் வாசிப்பதை நிறுத்தினார். அழவில்லை, சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார். அடக்க முடியாமல் சிரித்தும்விட்டார். பிறகுதான் அழுதார்.

பன்னிரண்டு தேதி ஆனதும் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார்.

"போதும். மிச்சத்தை இன்னொரு நாள் வந்து படிங்க. ஒரே நாள்ல எதுக்கு?"

டிசம்பரில் போய்ப் பத்து வாசித்தார். ஒவ்வொரு தேதிக்கும் செல்லக்கிளி அன்று என்ன நடந்தது, தன்னிடம் என்ன சொன்னார் என்று நினைவுகூர்ந்தார். லோடு லேட், மார்க்கெட்டில் சண்டை, வழியில் நண்பனுக்குக் கல்யாணம். பாதிக்கு மேல் பொய். அந்தப் பொய்களை அவர் வெற்றிலை அடுக்குவதைப் போல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்துக்கொண்டார். அன்றைக்குக் குழம்பு ஊற்றிச் சோறும் போட்டார். இன்னொருவர் பரிமாற உட்கார்ந்து சாப்பிட்டு வெகுநாளாயிற்று என்பது, இரண்டாம் முறை சோறு வைக்கும்போதுதான் தனிஸ்லாசுக்கு உறைத்தது.

தையில் முதல் வருடத் திவசம் முடிந்து மூன்றாவது முறை போனார். பன்னிரண்டு மிச்சம் இருந்தது. முடிந்தமட்டும் மெதுவாக வாசித்தார். செல்லக்கிளியும் முடிந்தமட்டும் நீட்டிப் பேசினார். கடைசித் தேதி, பேச்சிமுத்து இறப்பதற்குப் பத்தொன்பது நாள் முன்னால், சிவகங்கை. அன்று திண்டுக்கல்லுக்கு லோடு என்று சொல்லிவிட்டுப் போனாராம்.

அதோடு தாள் தீர்ந்தது. செல்லக்கிளி அதை வாங்கி மடித்து அலமாரியில் சேலைக்கு அடியில் வைத்தார். வாசல்வரை வந்து, "இந்தப் பக்கம் வந்தா வாங்க தம்பி" என்றார். வாரேன் என்றார் தனிஸ்லாஸ்.

இப்போது சித்திரை. இன்னும் அவர் போகவில்லை. போவதற்குக் கையில் ஒரு காரணம் வேண்டுமே என்று இரண்டு மூன்று ஞாயிற்றுக்கிழமை யோசித்துப் பார்த்தார். பைக் சாவியை எடுத்து மேசைமேல் வைத்துக்கொண்டு சற்று நேரம் உட்கார்ந்திருந்தார். வெயில் ஏறியதும் திரும்ப ஆணியில் மாட்டிவிட்டார்.